பேப்பர் வைத்துப் பார்

பின்பால் மெஷினில் கால் டாலர் நாணயம் ஒன்றைப் போட்டால், ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே அந்த நாணயம் ஒரு பரீட்சை எழுதியாக வேண்டும். கதவுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்தில் ஒரு தகட்டுப் பெட்டி இருக்கும். விட்டம் குறைந்த காசு அதற்குள் பாதியிலேயே நழுவி வெளியே வந்துவிடும். இரும்பாக இருந்தால் காந்தம் பிடித்துக்கொள்ளும். காந்தத்தில் ஒட்டாத உலோகம்தான் சிக்கலான கேஸ். அது காந்தத்தைக் கடந்து உருளும்போது அதற்குள் சுழல் மின்னோட்டம் கிளம்பி வேகத்தைக் குறைக்கும். எவ்வளவு குறையும் என்பது அந்த உலோகம் எவ்வளவு நன்றாக மின்சாரம் கடத்தும் என்பதைப் பொறுத்தது. சரியான வேகத்தில் விழும் காசு மட்டும் சரியான பள்ளத்தில் விழும். அமெரிக்கா 1965இல் கால் டாலரில் வெள்ளியை நிறுத்திவிட்டு, நடுவில் செம்பும் இருபுறமும் செம்பு-நிக்கலுமாக அடுக்கு நாணயம் கொண்டுவந்தபோது, நாடு முழுக்க இருந்த காசு மெஷின்கள் புதுக் காசையும் பழைய வெள்ளிக் காசைப்போலவே ஏற்க வேண்டும் என்று பார்த்துத்தான் அந்தக் கலவையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு அரசாங்கம் தன் நாணயத்தையே மெஷினின் ருசிக்கு ஏற்றபடி சமைத்தது என்பது எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது.

பரீட்சையில் தேறிய காசு ஒரு மெல்லிய கம்பியை அழுத்திவிட்டு உண்டியலில் விழும். கண் இமைக்கும் நேரம்தான் அந்த அழுத்தல். அதற்குள் ஒரு ஸ்விட்ச் மூடி, ஒரு ரிலே இழுத்துக்கொள்ளும். ரிலே என்றால் இரும்புத் தண்டில் சுற்றிய கம்பிச் சுருள். மின்சாரம் பாய்ந்தால் காந்தமாகி, எதிரே உள்ள தகட்டை இழுக்கும். தகடு நகர்ந்து வேறு சில ஸ்விட்சுகளை மூடும், திறக்கும். அப்படி மூடிய ஸ்விட்சுகளில் ஒன்று அந்த ரிலேவுக்கே மின்சாரம் தருவது. அதனால் காசு போன பிறகும் ரிலே விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். மெஷினுக்கு ஞாபகம் என்று இருப்பதெல்லாம் இதுதான். பிறகு ஒரு மோட்டார் சுழலும். அதன் அச்சில் உள்ள பல்சக்கரங்கள் முறைவைத்து ஸ்விட்சுகளைத் தட்டும். எண் சக்கரங்கள் டக் டக்கென்று பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியில் இரும்புக் குண்டு வெளியே தள்ளப்படும். 1970களின் பிற்பகுதி வரை பின்பால் மெஷின்கள் இப்படித்தான் ஓடின. சிப் கிடையாது, நிரல் கிடையாது. நம் ஊர் ரயில் நிலையத்தில் காசு போட்டால் விளக்கு மின்னி, சக்கரம் சுழன்று, அட்டைச் சீட்டைத் துப்பிய எடை மெஷினைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குடும்பச் சாயல் புரியும்.

அப்படிப்பட்ட நான்கு பேர் ஆடும் மெஷின் ஒன்று எங்கள் பக்கத்து வீட்டு பேஸ்மெண்டில் செத்துக் கிடந்தது. நாங்கள் இருப்பது சிகாகோ புறநகரில். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு 79 வயது. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். 1980களில் ஒரு பௌலிங் கூடத்தை மூடியபோது அவர் கணவர் அதை வாங்கி வந்து படியில் இறக்கியிருக்கிறார். கணவர் போய் 9 வருடம். மெஷின் நின்று அதற்கும் முன்பு. இப்போது அவர் வீட்டை விற்றுவிட்டு வேறு மாநிலத்தில் இருக்கும் மகளிடம் போகிறார். வாசலில் குப்பைக்கான பெரிய இரும்புத் தொட்டி வந்து இறங்கிவிட்டது. ஓடுகிற மெஷினாக இருந்தால் வாங்கிக்கொள்ள ஒருவர் தயார். ஓடாததை எடுத்துப்போகக் கூலி நாம் கொடுக்க வேண்டும். நூறு கிலோவுக்கு மேல் எடை. வீடு கைமாற 12 நாள் இருந்தது.

எங்கள் வீட்டில் அப்பா இருந்தார். அம்மா போன அடுத்த கோடையில் நான் வற்புறுத்தி வரவழைத்திருந்தேன். காலையில் நடை, மத்தியானம் யூடியூபில் கச்சேரி, சாயங்காலம் ஜன்னல். கேட்டால் பதில் சொல்வார், தானாக எதுவும் பேச மாட்டார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் 34 வருடம் டெக்னீஷியனாக இருந்தவர். அந்த எக்ஸ்சேஞ்சைப் பற்றி அவர் பேசி நான் கேட்டு ரொம்ப வருடம் ஆகிறது.

மெஷினின் உள்ளே ஒரு உறையில் சர்க்யூட் படம் மடித்து வைத்திருந்தது. விரித்தால் சாப்பாட்டு மேஜை போதவில்லை. மேலே ஒரு நீளக் கோடு, கீழே ஒரு நீளக் கோடு, நடுவில் ஏணிப்படிகள் மாதிரி நூற்றுக்கணக்கான இணைப்புகள். நான் மருத்துவக் கருவிகளுக்கு ஃபர்ம்வேர் எழுதுகிறவள், சர்க்யூட் படங்கள் தினசரி வேலை. ஆனால் இதில் ஒரு ரிலேயின் சுருள் இடதுமூலையில் இருக்கும். அதன் ஒரு ஸ்விட்ச் நடுவிலும், இன்னொன்று வலது ஓரத்திலும் இருக்கும். எல்லாவற்றையும் ஒரு எழுத்துதான் உறவாகக் கட்டிவைத்திருக்கும். நான் பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது அப்பா காபி டம்ளரோடு பின்னால் வந்து நின்றார். இரண்டு நிமிஷம் பார்த்தார்.

"எந்த எக்ஸ்சேஞ்ச் இது?" என்றார்.

எக்ஸ்சேஞ்ச் இல்லப்பா, விளையாட்டு மெஷின் என்றேன்.

"டயக்ராம் நம்ம டயக்ராம்தான். காண்டாக்டைப் பிரிச்சுப் பிரிச்சுப் போட்டிருக்கான் பாரு. ரிலே எங்க இருக்குன்னு பாக்காத. கரண்ட் எந்தப் பக்கம் போவுதுன்னு பாரு." விரலை மேல்கோட்டில் வைத்து, ஒவ்வொரு ஸ்விட்சாகத் தொட்டுக்கொண்டே கீழ்க்கோட்டுக்கு வந்தார். "இவன் இழுத்தா இவன் பிடிப்பான். இவன் பிடிச்சா அவன் விட்ருவான்." காபி ஆறிப்போனது.

இந்த ஒற்றுமை தற்செயல் இல்லை. பின்பால் மெஷினும் பழைய தானியங்கி எக்ஸ்சேஞ்சும் ஒரே உறுப்புகளால் ஆனவை: ரிலே, படிப்படியாக நகரும் ஸ்டெப்பர், இலை போன்ற ஸ்பிரிங் ஸ்விட்ச். அந்த எக்ஸ்சேஞ்சுக்குக் காப்புரிமை 1891இல் அல்மன் ஸ்ட்ரோஜருக்குக் கிடைத்தது. அவர் கான்சாஸ் சிட்டியில் சவ அடக்கத் தொழில் செய்தவர். தனக்கு வர வேண்டிய அழைப்புகளை ஆபரேட்டர் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் என்ற சந்தேகத்தில்தான் ஆபரேட்டரே வேண்டாத எக்ஸ்சேஞ்சை யோசித்தார் என்று ஒரு கதை உண்டு. அவருடைய முதல் எக்ஸ்சேஞ்ச் 1892இல் இந்தியானா மாநிலத்தின் லா போர்ட்டில் திறக்கப்பட்டது. இந்தியாவில் 1948இல் தொடங்கிய பெங்களூரு ஐ.டி.ஐ. ஆலை அதே ஸ்ட்ரோஜர் கருவிகளை ஆங்கிலேயக் கம்பெனி ஒன்றின் உரிமத்தோடு செய்தது. அவற்றில் ஒரு தொகுதிதான் தஞ்சாவூர் ஜில்லாவில் எங்கள் ஊருக்கு வந்து அப்பாவின் கைக்குச் சேர்ந்தது. லா போர்ட் இங்கிருந்து காரில் எட்டிவிடும் தூரம். போகலாமா என்று கேட்டேன். "அங்க இப்ப என்ன இருக்கப்போவுது?" என்றார். போகவில்லை.

அந்த எக்ஸ்சேஞ்ச் அறை எனக்கு ஞாபகம் இருக்கிறது. செருப்பை வெளியே விட வேண்டும், தூசு கூடாது. ஆள் உயர இரும்பு ரேக்குகள். யாரோ எங்கோ எண்ணைச் சுழற்றினால் ஒரு தண்டு அந்த எண்ணிக்கைக்கு மேலே ஏறி, பிறகு பக்கவாட்டில் திரும்பித் துழாவும். 10 மாடி, மாடிக்கு 10 வாசல். காலை பத்து மணிக்கு அறை முழுக்க மழை மாதிரிச் சத்தம். கல்யாண முகூர்த்த நாளில் சத்தம் இன்னும் கூடும் என்பார்கள். 1990களில் எலெக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்ச் வந்தது. ரேக்குகளைப் பிரித்து, எடை போட்டு லாரியில் ஏற்றினார்கள். செம்புக்கு ஒரு விலை, இரும்புக்கு ஒரு விலை. அப்பாதான் கூட நின்று எடைச்சீட்டில் கையெழுத்துப் போட்டார். புது எக்ஸ்சேஞ்சில் பழுது வந்தால் ஒரு அட்டையை உருவி இன்னொன்றைச் செருக வேண்டும். அதை ஓய்வுபெறும் வரை ஒழுங்காகச் செய்தார்.

மறுநாள் காலை அப்பா சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டுக்கொண்டு தயாராக நின்றார். வேலைக்குப் போகிற மாதிரி.

முதலில் மின்சாரம். பழைய மெஷின்களில் அவசரப்பட்டு ப்ளக்கைச் செருகக் கூடாது. இதில் வந்த வயர் இரண்டு முனை வயர், எர்த் கிடையாது. உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும் 120 வோல்ட். அதில் ஒரு உறை உரிந்து இரும்புக் கதவைத் தொட்டால், காசு போடுகிறவன் கையில் வீட்டு மின்சாரம் வரும். மூன்று முனை வயர் மாற்றி, கதவையும் டிரான்ஸ்ஃபார்மர் உடலையும் எர்த்தில் சேர்த்த பிறகுதான் அப்பா மேலே போக விட்டார். ஃப்யூஸைக் கழற்றிப் பார்த்தால் கண்ணாடிக் குழாயைச் சுற்றி சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள். ஃப்யூஸ் போகிறதென்று யாரோ அதற்கு நிரந்தர ஓய்வு கொடுத்திருக்கிறார்கள். அப்பா அதை எடுத்து எனக்குக் காட்டினார். "இங்கயும் இதே புத்தி" என்றார். அவர் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

வெள்ளித்தாள் இருந்தது என்றால் ஃப்யூஸ் போனதற்கு ஒரு காரணமும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். சரியான அளவு ஃப்யூஸ் போட்டுப் போட்டு எரிப்பதற்குப் பதிலாக அப்பா சீரிஸ் லைட் கேட்டார். நம் ஊர் ரேடியோக் கடை, டிவிக் கடை எதிலும் பலகையில் ஒரு குண்டு பல்பும் ஒரு ப்ளக் சாக்கெட்டும் இருக்குமே, அதுதான். மெஷினுக்குப் போகும் மின்சாரம் 100 வாட் பல்பு வழியாகத்தான் போக வேண்டும். உள்ளே எல்லாம் நன்றாக இருந்தால் பல்பு மங்கலாகக் கண் சிமிட்டும். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், மெஷின் தப்பிக்கும். பக்கத்து வீட்டு அம்மா கராஜிலிருந்து ஒரு பழைய குண்டு பல்பைத் தேடிக் கொண்டுவந்தார். செருகினோம். பளிச்.

விளக்குகளுக்கான பக்கத்தைக் கழற்றினோம், பல்பு அப்படியே எரிந்தது. சுருள்களின் பக்கத்தைக் கழற்றியதும் மங்கியது. ஆக, குற்றவாளி சுருள்களில் ஒன்று. அதற்குமேல் மீட்டர் தேவைப்படவில்லை, மூக்கு போதுமாக இருந்தது. ஆட்டப் பலகையைத் தூக்கி நிறுத்தி அடியில் பார்த்தால், குண்டை உதைத்துத் தள்ளும் சுருள்களில் ஒன்றின் மேல்காகிதம் கருகியிருந்தது. அது ஒரு நொடியின் சிறு பங்கு மட்டும் இழுத்துவிட்டு விட வேண்டிய சுருள். அதை இயக்கும் ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டால் இழுத்தபடியே நிற்கும், கொதிக்கும், உள்ளே கம்பியின் பூச்சு உருகி சுற்றோடு சுற்று ஒட்டும். பக்கத்திலிருந்த அதே ரகச் சுருள் 3 ஓமுக்கு மேல் காட்டியது. இது 1 ஓம்கூட இல்லை. புதுச் சுருள் தபாலில் 3 நாளில் வந்தது. சுருளை மட்டும் மாற்றினால் புதுசும் அதே வழியில் போகும் என்பதால், அந்த ஸ்விட்சின் இலைகளைத் தனித்தனியாக நிமிர்த்தி இடைவெளி வைத்த பிறகே அதை மாட்டினோம். அமெரிக்கச் சுருளின் புதுப் பூச்சு வாசனை அப்பாவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இரண்டு தரம் முகர்ந்தார்.

இப்போது பல்பு மங்கியது. விளக்குகள் எரிந்தன. ஆனால் காசு போட்டால் ரிலே அசையவில்லை.

மல்டிமீட்டரில் காசு ஸ்விட்சைச் சோதித்தேன். பீப் என்றது. ரிலே சுருள் நன்றாக இருந்தது. மின்னழுத்தம் அளந்தால் 28 வோல்ட், படத்தில் சொன்னதற்குப் பக்கத்தில். எல்லாமே இருந்தது, வேலை மட்டும் நடக்கவில்லை. அப்பா மீட்டரை ஓரமாக வைக்கச் சொன்னார்.

"அது சும்மா இருக்கும்போது அளக்குது. வேலை குடுத்து அளக்கணும்."

லாரிக்குப் போடும் 24 வோல்ட் பல்பு ஒன்றில் இரண்டு வயர் பற்றவைத்துக் கொடுத்தேன். எக்ஸ்சேஞ்சில் அவர் பையில் எப்போதும் இருந்த டெஸ்ட் லாம்பின் அமெரிக்கத் தங்கை. டிரான்ஸ்ஃபார்மர் முனையில் வைத்தால் பிரகாசமாக எரிந்தது. ஃப்யூஸுக்கு அந்தப்பக்கம் வைத்தால் சிவப்பாக முனகியது. ஃப்யூஸ் நல்ல ஃப்யூஸ். அதைப் பிடித்திருந்த கவ்வி கறுத்து, தளர்ந்து போயிருந்தது. மீட்டர் சோதிக்க அனுப்பும் துளி மின்சாரத்துக்கு அந்தக் கறுப்பைத் தாண்டும் வழி இருந்தது. ஒரு சுருள் கேட்கும் மின்சாரத்துக்கு இல்லை. இந்த ஒரு விஷயத்துக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன் என்றும் சொல்லலாம். என் வேலையில் மென்பொருளைத் தனியாக எடுத்துச் சோதிப்போம், எல்லாம் பச்சை காட்டும். அப்புறம் ஒரு ஆஸ்பத்திரியில் நிஜமான சுமையோடு ஓடும்போது எங்கோ 28, 9 ஆகிவிடும்.

கவ்விகளை மாற்றினோம். பிறகு சுத்தம் செய்யும் வேலை, அதுதான் நாட்களைத் தின்றது. இந்த மெஷின்களுக்கு ஓய்வு ஆகாது. ஸ்விட்சுகளின் நுனியில் வெள்ளிப் பொட்டுகள் இருக்கும். மூடும்போது ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை அளவு தேய்த்துக்கொள்ளும்படி இலைகளை வளைத்திருப்பார்கள். ஓடிக்கொண்டிருந்தால் தன்னைத்தானே துலக்கிக்கொள்ளும். நின்றால் கறுக்கும். ஸ்டெப்பர்களில் போட்ட மசகு வருடக்கணக்கில் நின்று பிசினாக இறுகும். துருவுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை அடித்தால் அன்றைக்கு ஓடும், அப்புறம் தூசியைச் சேர்த்துக்கொண்டு முன்பைவிட மோசமாகும். பொறி பறக்கும் இடத்தில் எண்ணெய் ஆவி ஆபத்தும்கூட. ஆல்கஹாலில் துடைப்பதுதான் வழி. வெள்ளிப் பொட்டுக்கு உப்புத்தாளும் ஆகாது. தபால் அட்டையைக் கீற்றாகக் கிழித்து, ஆல்கஹாலில் நனைத்து, இரண்டு பொட்டுக்கும் நடுவே வைத்து இழுப்பார் அப்பா. கீற்றில் ஒரு கறுப்புக் கோடு விழும். அடுத்த கீற்றில் சாம்பல். மூன்றாவது வெள்ளையாக வரும் வரை.

"நம்மது டிசி," என்றார் ஒரு நாள், தானாகவே. "மைனஸ் 50 வோல்ட். பாஸிட்டிவை எர்த் பண்ணியிருப்பான், வயரெல்லாம் அரிக்காம இருக்க. டிசில ஒரு பொட்டுல குழி விழும், எதிர்ப்பொட்டுல மேடு வளரும். இது ஏசி. ரெண்டுமே சமமா கெட்டுப்போயிருக்கு பாரு." அன்று இரவு சாப்பிடும்போது எக்ஸ்சேஞ்சில் ஸ்பிரிங்கின் விறைப்பைக் கிராம் கணக்கில் அளக்கும் கருவியைப் பற்றிச் சொன்னார். என் பையனுக்குத் தமிழ் பாதிதான் புரியும். கேட்டுக்கொண்டிருந்தான்.

மெஷின் நின்ற பேஸ்மெண்ட் சுவரில் பௌலிங் கூடத்தின் புகைப்படம் ஒன்று தொங்கியது. பின்பாலை அமெரிக்காவுக்குச் செய்து அனுப்பிய ஊரே சிகாகோதான். 1931இல் காட்லிப் கம்பெனி வெளியிட்ட 'பாஃபிள் பால்' பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் சில்லறைக் காசுக்குக் கிடைத்த பொழுதுபோக்கு. 1947இல் அதே கம்பெனியின் 'ஹம்ப்டி டம்ப்டி'யில்தான் முதன்முதலில் பொத்தானை அழுத்தினால் குண்டைத் திருப்பி அடிக்கும் மின்சாரத் துடுப்புகள் வந்தன. அதற்கு முன் குண்டைவிட்ட பிறகு மெஷினைக் குலுக்குவதைத் தவிர ஆடுகிறவன் செய்ய அதிகம் இல்லை. இது சூதாட்டம் என்று நியூயார்க் 1942இல் தடை போட்டது. மேயர் லா கார்டியா சம்மட்டியோடு நின்று மெஷின்களை உடைத்த படங்கள் இருக்கின்றன. 1976இல் ரோஜர் ஷார்ப் என்பவர் நகரமன்றக் குழுவின் முன் ஆடிக்காட்டி, இது திறமையால் ஆடுவது என்று நிரூபித்த பிறகுதான் தடை நீங்கியது. அடுத்த சில வருடங்களில் சிப்கள் வந்து ரிலேக்களை வெளியேற்றிவிட்டன. சட்டப்படி மரியாதை கிடைத்ததும் ஆளே மாறிவிட்டது.

எட்டாம் நாள் காசு போட்டோம். முதலில் அப்பா பர்ஸிலிருந்து ஒரு ரூபாயைப் போட்டுப் பார்த்தார்; மெஷின் திருப்பிக் கொடுத்துவிட்டது. "கறார்தான்" என்றார். கால் டாலரை ஏற்றுக்கொண்டது. ரிலே இழுத்தது. மோட்டார் சுழன்றது. எண் சக்கரங்கள் பூஜ்யத்துக்கு ஓடின. ஆளுக்கு 4 சக்கரம், மொத்தம் 16; எல்லாம் பூஜ்யத்தில் வந்து நின்றன. மோட்டார் நிற்கவில்லை. சுழன்றுகொண்டே இருந்தது. குண்டு வரவில்லை. பக்கத்து வீட்டு அம்மா படியில் நின்று, "இதேதான்! கடைசியாக இதைத்தான் செய்தது!" என்றார்.

படம் தெளிவாக இருந்தது. ஒவ்வொரு எண் சக்கரத்திலும் ஒரு ஸ்விட்ச் உண்டு. சக்கரம் பூஜ்யத்தில் இல்லாதவரை மூடியிருக்கும், பூஜ்யத்தில் திறக்கும். 16 ஸ்விட்சும் பக்கம்பக்கமாக இணைத்தவை. ஒன்று மூடியிருந்தாலும் போதும், ரீசெட் ரிலே விடாது, மோட்டார் நிற்காது. ஆக 16 பேரில் ஒருவன் பூஜ்யத்தில் நின்றுகொண்டே பொய் சொல்கிறான். இந்த இடத்தில் மீட்டர் பயன்படாது. பக்கம்பக்கமாக இணைத்ததால், ஒருவன் மூடியிருந்தாலே 16 பேரிடமும் மூடியிருக்கிறது என்றுதான் காட்டும். ஒவ்வொன்றாக வயரைப் பிரித்துப் பார்க்கலாம், 50 வருட ஈயப் பற்றுகளைத் தொட்டால் ஒன்றுக்கு மூன்று உடையும். ரிலே வரிசையையே எடுத்துவிட்டு ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு போட்டால் ஒரு சனிக்கிழமை வேலை என்றும் எனக்குத் தெரியும். வாங்க வருகிறவர் ஏற்றுக்கொள்ளக்கூட செய்வார். அப்பாவிடம் சொன்னேன். அவர் மறுப்பு எதுவும் சொல்லவில்லை. தபால் அட்டையை எடுத்து 16 கீற்றுகளாகக் கிழிக்க ஆரம்பித்தார்.

"மோட்டார் ஓடட்டும். பேப்பர் வச்சிப் பாரு."

சக்கரங்களின் பக்கம் ஓடுவது 28 வோல்ட்தான் என்றாலும் ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னார். அது அவர்கள் எக்ஸ்சேஞ்ச் பழக்கம். முதல் ஆட்டக்காரரின் நான்கு சக்கரம்: கீற்றை வைத்தேன், எடுத்தேன். மோட்டார் ஓடியது. இரண்டாமவர், நான்கும். ஓடியது. அப்பாவுக்கு இப்போது காது அவ்வளவு போதாது. ரீசெட் ரிலேயின் தகட்டின்மேல் ஒரு விரல்நுனியை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ஏசி ரிலே பிடித்திருக்கும்போது மெல்ல அதிரும். மூன்றாமவரின் முதல் சக்கரம். ஓடியது. இரண்டாவது சக்கரத்தில் கீற்று உள்ளே போகவே இடமில்லாமல் இறுக்கியது. திருகி நுழைத்தேன்.

"விட்டுட்டான்" என்றார் அப்பா. அதற்குப் பிறகுதான் மோட்டார் நின்றது எனக்குக் கேட்டது. பேஸ்மெண்டில் எங்கோ ஒரு தட்டல், குண்டு வெளியே உருண்டு வந்து துப்பாக்கிக் கம்பியின் முன் நின்றது.

அந்த இலையை யாரோ தேவைக்கு மேல் வளைத்திருந்தார்கள். ஒரு காலத்தில் சரியாக மூடாமல் இருந்திருக்கும், மூட வைத்துவிட்டு, திறக்கிறதா என்று பார்க்காமல் போயிருக்கிறார்கள். "கை வச்சவன் பாதியில எழுந்து போயிட்டான்" என்றார். நுனி மூக்கு இடுக்கியால் அடியிலிருந்து மெல்ல நீவினார். சக்கரம் பூஜ்யத்தில் இருக்கும்போது அட்டை தடையில்லாமல் நுழைய வேண்டும், மற்ற ஒன்பது எண்களிலும் கவ்விப் பிடிக்க வேண்டும். பத்து எண்ணையும் சுற்றிப் பார்த்தார். பிறகு மறுபடியும் பத்தும்.

முதல் ஆட்டம் பக்கத்து வீட்டு அம்மாவுடையது. மணி அடித்தது, சக்கரங்கள் புரண்டன, பேஸ்மெண்ட் முழுக்க அந்த டக்டக். ஒரு குண்டு நடுவில் விழப்போனபோது இடுப்பால் மெஷினை ஒரு தள்ளு தள்ளினார். உள்ளே தொங்கும் தூக்குக்குண்டு அதன் வளையத்தில் பட்டு, ஆட்டம் அணைந்தது. டில்ட். அவர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். "அவர் என்னைவிட மோசமாகத் தள்ளுவார்" என்றார். அப்பாவுக்கு இங்கிலீஷ் புரியும், ஆனாலும் என்னிடம் திரும்பி என்னவென்று கேட்டார். சொன்னேன். அவர் மெஷினைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார். இரண்டு பேரும் ஆளுக்கு ஆறு ஆட்டம் ஆடினார்கள். அப்பா ஆறிலும் தோற்றார். துடுப்பைவிட ரிலே சத்தத்தில்தான் கவனம் இருந்தது.

மெஷின் போகிற நாளுக்கு முந்திய இரவு அப்பா என் பையனின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, ஸ்கேல் வைத்து நான்கு கட்டம் போட்டார். எக்ஸ்சேஞ்சில் ஒவ்வொரு பழுதுக்கும் எழுதிவைக்கும் சீட்டின் கட்டங்கள். தேதி, பழுது, காரணம், செய்தது. இங்கிலீஷில் எழுதினார், கையெழுத்து இன்னும் சாய்வில்லாமல் நிற்கிறது. ஃப்யூஸ் கவ்வி. சுருள். மூன்றாம் ஆட்டக்காரர், இரண்டாம் சக்கரம், பூஜ்ய ஸ்விட்ச், இடைவெளி சரிசெய்யப்பட்டது. கடைசி வரிக்கு என்னைக் கேட்டார்: நான்காம் ஆட்டக்காரர் ஆடும்போது பெரிய மணி பத்துக்கு ஒரு முறை அடிக்காமல் விடுகிறதே, கவனித்தாயா?

கவனித்தேன் என்றேன். நேரமில்லையே அப்பா, நாளைக்குக் காலையில் வண்டி வருகிறது.

"அதனாலதான் எழுதணும்" என்று சொல்லி, நான்காவது கட்டத்தை காலியாக விட்டு, பழுதை மட்டும் எழுதி, சர்க்யூட் படம் இருந்த உறைக்குள்ளேயே தாளை வைத்தார். வாங்க வந்தவர் காசுப் பெட்டியின் சாவி எங்கே என்று மட்டும் கேட்டார். அம்மா கொடுத்தார். தள்ளுவண்டியில் ஏற்றும்போது அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு, மேல்பெட்டியில் போகும் வயர்களை இழுக்காமல் தூக்கும்படி இரண்டு முறை சொன்னார்.